கியோத்தோவில் பன்னிரண்டு நாட்கள்: ஒரு ஸ்டெம் செல் ஆய்வகப் பயணக் குறிப்பு

நாள் 1, ஞாயிறு

சிங்கப்பூரில் விமானம் மாறி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவின்மேல் நிற்கும் கான்சாய் விமான நிலையத்தில் காலையில் இறங்கினேன். அங்கிருந்து ஹருகா விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் கியோத்தோ வந்துவிட்டது. நவம்பர்க் குளிர் எங்கள் மதுரைப் பக்கத்து மார்கழியைவிடப் பன்மடங்கு கடுமையாக இருக்கிறது. தங்குமிடம் காமோ ஆற்றின் கிழக்குக் கரையில், பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ளது. பெட்டியை வைத்துவிட்டு, வந்து சேர்ந்த செய்தியை அம்மாவுக்கும் தம்பிக்கும் சொல்லிவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எதற்காக வந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் தம்பிக்குப் பிறவியிலேயே கடுமையான ஹீமோபிலியா. இரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி அவன் உடலில் சுரப்பதில்லை. அடிபடாமலேயே முழங்காலுக்குள் இரத்தம் கசிந்து வீங்கிக்கொள்ளும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு அம்மா அவன் காலடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்த இரவுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். உயிரியல் படித்ததும், ஒரு சிறிய ஆய்வகத்தில் செல் வளர்க்கும் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த இரவுகளால்தான். நோயாளியின் இரத்தத்திலிருந்து ஐபிஎஸ் செல்களை உருவாக்கி, அவற்றைக் கல்லீரல் இரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களாக வளர்த்தெடுக்க முயல்வது எங்கள் ஆய்வகத்தின் பணி. எட்டாம் காரணியைப் பெரும்பாலும் அந்தச் செல்கள்தாம் சுரக்கின்றன.

முதிர்ந்த செல் ஒன்றை, கரு உருவான தொடக்க நாட்களில் இருக்கும் செல்லின் நிலைக்குத் திரும்பக் கொண்டுபோனால் கிடைப்பதே ஐபிஎஸ் செல். குருத்தணு என்று தமிழில் வழங்கும் ஸ்டெம் செல்களில் இதுவும் ஒரு வகை. உடலின் எந்த உறுப்புக்கு உரிய செல்லாகவும் வளரக்கூடியது. வளர்க்கும் முறை ஆய்விதழ்களில் வரி வரியாக அச்சாகியிருக்கிறது. அதை அப்படியே பின்பற்றியும் எட்டு மாதமாக எங்களுக்குக் கைகூடவில்லை. செல்கள் தட்டில் ஒட்டும், இரண்டு மூன்று நாள் நன்றாக வளரும், பிறகு நடுவில் மொய்த்துக் குவிந்து, தம் இயல்பை இழந்து கெட்டுவிடும். இங்குள்ள ஓர் ஆய்வகத்தோடு எங்களுக்குக் கூட்டாய்வு ஒப்பந்தம் உண்டு. மின்னஞ்சலில் கேள்வியும் பதிலுமாகப் பல வாரங்கள் போன பிறகு, "ஒருவரை அனுப்புங்கள், பக்கத்தில் நின்று செய்து பார்க்கட்டும்" என்று அவர்களே எழுதினார்கள். அந்த ஒருவராக நான் வந்திருக்கிறேன்.

நாள் 2, திங்கள்

ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வேறொன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். செல் வளர்ப்பு அறைக்குப் போகும்போது அதையும் மாற்ற வேண்டும். எனக்குக் கற்றுத்தரப் போகிறவர் பேராசிரியர் அல்லர், நீண்ட காலமாகச் செல் வளர்த்துவரும் தொழில்நுட்பப் பணியாளர், ஐம்பது வயதிருக்கும். தொழிலில் தமக்கு மூத்தவரை இங்கே 'செம்பாய்' என்கிறார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். எனக்கு ஜப்பானியத்தில் நான்கைந்து சொற்கள் தெரியும். அதே அறையில் வியட்நாம் மாணவி ஒருவரும் ஜெர்மானிய ஆய்வாளர் ஒருவரும் வேலை செய்கிறார்கள். தட்டுகளின் மூடியில் எழுதியிருப்பதை மட்டும் எல்லோராலும் படிக்க முடிகிறது: செல்வரிசையின் (ஒரே மூலத்திலிருந்து வழிவழியாக வளர்த்துவரும் செல்களின்) பெயர், தேதி, எத்தனையாவது பாசேஜ் என்ற எண். வளர்ந்து நெருங்கிவிட்ட செல்களைப் பிரித்துப் புதுத் தட்டில் இடுவதைத்தான் பாசேஜ் என்கிறோம்.

மதியம் திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து உருக்கினோம். மைனஸ் 196 டிகிரியில் உறைந்திருந்த குப்பி 37 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. முழுவதும் உருகும்வரை காத்திருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எப்போது எடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. செம்பாய் குப்பியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, உள்ளே மிதந்த பனித்துண்டை எனக்குக் காட்டினார். ஒரு மிளகின் அளவு இருந்தது. அந்த அளவு வந்ததும் சட்டென்று எடுத்துவிட்டார்.

நாள் 3, செவ்வாய்

இன்று இருவரும் அருகருகே உட்கார்ந்து, ஒரே தட்டின் செல்களைப் பிரித்து, அவர் ஒரு தட்டிலும் நான் ஒரு தட்டிலும் பாசேஜ் செய்தோம். ஒரே கரைசல், ஒரே எண்ணிக்கை, ஒரே இன்குபேட்டர். வெள்ளிக்கிழமை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாகத் திட்டம்.

நாங்கள் கையாண்ட செல்வரிசையின் பெயர் 201பி7. 2007-இல் ஷின்யா யமனாகாவின் குழு மனித ஐபிஎஸ் செல்களை உருவாக்கியபோது பிறந்தது. உலகின் மிகப் பல ஆய்வகங்களில் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கியோத்தோவில் பிறந்ததால் ஜப்பானியர் ஒருவரின் தோலிலிருந்து வந்திருக்கும் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். மூலக் கட்டுரையைப் பிரித்துப் படித்தபோதுதான் தெரிந்தது: அது 36 வயதான வெள்ளையினப் பெண் ஒருவரின் முகத்தோல். ஆய்வகங்களுக்குச் செல் விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கப்பட்டது. அந்தப் பெண்மணியின் பெயர் எங்கும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் ஜப்பானியக் கண்டுபிடிப்பு என்று உலகம் சொல்லும் ஒன்றின் முதல் கைப்பிடி மண் பசிபிக்கின் மறுகரையிலிருந்து வந்தது என்பதை, நுண்ணோக்கியில் அச்செல்களைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

மேசைமேல் இருந்த மற்றப் பொருள்களுக்கும் இப்படி ஒவ்வொரு ஊர் உண்டு. செல்கள் உண்டு வளரும் ஊடகம் ஸ்டெம்ஃபிட். சமையலறைச் சுவையூட்டிக்குப் பெயர்போன அஜினோமோட்டோ நிறுவனம், அமினோ அமிலங்களில் தனக்கிருந்த நூறாண்டுத் தேர்ச்சியை வைத்து, கியோத்தோ ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது. செல்கள் பற்றிக்கொள்வதற்காகத் தட்டின் அடியில் பூசும் லாமினின்-511 புரதத்துணுக்கு ஒசாகா பல்கலைக்கழகத்தில் கியோதோஷி செகிகுச்சியின் ஆய்விலிருந்து வந்தது. ஒய்-27632 என்ற மருந்துக்கு இன்னும் முக்கியமான கதை உண்டு. மனித ஸ்டெம் செல்களை ஒன்றொன்றாகப் பிரித்தால் பெரும்பாலானவை மடிந்துவிடும் என்பது 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை முதன்முதலில் பிரித்தெடுத்த காலந்தொட்டு எல்லோரையும் வாட்டிய தொல்லை. அந்த மரணத்தை இந்த மருந்து தடுக்கும் என்று 2007-இல் கோபே ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் யோஷிகி சசாயின் குழு காட்டியது. இன்று மதுரையிலும் மாட்ரிட்டிலும் செல்களை இப்படிப் பிரித்துப் பாசேஜ் செய்கிறவர் அநேகமாக அதைச் சேர்க்காமல் செய்வதில்லை. நாங்கள் ஊரில் பயன்படுத்தும் ஊடகமோ தாம்சனின் விஸ்கான்சின் ஆய்வகத்தில் வகுக்கப்பட்ட ஈ8. ஆக, எங்கள் தட்டில் இதுவரை சேராமல் இருந்தவை எங்கள் கைகள் மட்டும்தானோ என்று இன்றிரவு தோன்றுகிறது.

நாள் 4, புதன்

காலையில் ஊடகம் மாற்றியதைத் தவிரச் செல் வேலை இல்லை. பகல் முழுவதும் காகித வேலை. ஓர் ஆய்வகத்தின் செல் இன்னோர் ஆய்வகத்திற்குப் போக வேண்டுமானால், யார் எதற்குப் பயன்படுத்தலாம், மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கலாமா, கண்டுபிடிப்பு வந்தால் உரிமை யாருடையது என்றெல்லாம் வகுத்துரைக்கும் பொருள் மாற்ற ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். நம் நாட்டில் வெளிநாட்டோடு சேர்ந்து செய்யும் மருத்துவ ஆய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளும் உள்ளன. பலர் இவற்றை இடையூறு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரத்தம் கொடுத்த நோயாளியிடம் பெற்ற சம்மதம், செல் எந்த நாட்டிற்குப் போனாலும் அதனோடு சேர்ந்து போக வேண்டும் அல்லவா? அதை எடுத்துச் செல்வது இந்தக் காகிதம்தான்.

ஆனால் காகிதத்தின் மேல் அக்கறை வைத்தால் போதாது, பொருளின் மேலும் வைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு ஆறு குப்பிகள் வந்தன. திரவ நைட்ரஜனை உள்சுவரில் உறிஞ்சி வைத்துக்கொண்டு ஏறத்தாழ பத்து நாள் குளிர் காக்கும் பெட்டியில் வந்தவை. விவரப் படிவத்தில் ஒரு சொல் பொருந்தவில்லை என்று சரக்குக் கிடங்கில் பெட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குக் காலக்கெடு உண்டு என்று நாங்கள் எத்தனை முறை சொல்லியும் பதினான்காம் நாள்தான் கைக்கு வந்தது. திறந்தபோது பெட்டியின் உட்புறம் அறையின் வெப்பத்தில் இருந்தது. ஆறு குப்பியிலும் ஒரு செல்கூடப் பிழைக்கவில்லை. இந்த முறை குப்பிகள் புறப்படுமுன் இரு நாட்டுப் படிவங்களையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாள் 5, வியாழன்

மாலையில் காமோ ஆற்றங்கரையில் நடந்தேன். ஆற்றைக் கடக்க ஆமை வடிவில் செதுக்கிய கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள்; பள்ளிப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போனார்கள். கரையிலிருந்து சிறிது தூரத்தில், மருத்துவமனையை ஒட்டி, கியோத்தோ பல்கலைக்கழகத்தின் ஐபிஎஸ் செல் ஆய்வு மையமான சைரா இருக்கிறது. 2010-இல் தனி நிறுவனமாகத் தொடங்கப்பட்டு, நெடுங்காலம் யமனாகாவே இயக்குநராக இருந்த மையம். வெளியில் நின்று விளக்கெரியும் சன்னல்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

யமனாகா முதலில் எலும்பு மருத்துவர். 1993-இல் சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டன் நிறுவனத்திற்குப் போய் எலிகளின் மரபணுவை மாற்றும் கலையைக் கற்றார். நாடு திரும்பியபின் போதிய கருவியும் துணையும் இல்லாமல் மனம் சோர்ந்து, ஆய்வையே விட்டுவிடலாமா என்று எண்ணியதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1999-இல் நாராவில் ஒரு சிறிய ஆய்வகம் கிடைத்தது. அங்கு மாணவராகச் சேர்ந்த கசுதோஷி தகாஹாஷியோடு 24 மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விலக்கிப் பார்த்து, இறுதியில் நான்கு போதும் என்று கண்டார். எலிச் செல்லில் கண்ட அந்த முடிவு 2006 ஆகஸ்டில் வெளிவந்தது. மனிதச் செல்லில் செய்து காட்டிய கட்டுரையும், விஸ்கான்சினில் தாம்சனின் குழு தனியே எழுதிய கட்டுரையும் 2007 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் வெளியாயின. இரு குழுவும் எடுத்த நான்கு மரபணுக்களில் இரண்டே பொது. மற்ற இரண்டும் வேறு வேறு.

போட்டி என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. முந்தியது யார் என்ற கேள்வியை நான் பொருட்படுத்துவதில்லை. கலந்து பேசாத இரண்டு கூட்டத்தார் வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சந்தித்ததால்தான், உலகம் இதை ஐயமின்றி நம்பி மறுநாளே வேலையைத் தொடங்க முடிந்தது. முதிர்ந்த செல்லின் உட்கருவுக்குள் முழு உயிருக்கான குறிப்பும் கெடாமல் இருக்கிறது என்பதைத் தவளையில் ஜான் கர்டன் காட்டிய கட்டுரை 1962-இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. யமனாகா பிறந்ததும் அதே ஆண்டு. 2012-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கினார்கள். குழுக்களுக்கிடையே சுவரில்லாத திறந்த ஆய்வக அமைப்பைக் கிளாட்ஸ்டனில் பார்த்த யமனாகா, சைராவையும் அப்படியே கட்டச் செய்தார் என்று செம்பாய் சொன்னார். அறையின் வடிவம்கூடக் கடல் தாண்டி வந்திருக்கிறது.

நாள் 6, வெள்ளி

எட்டு மாதத் துயரத்தின் காரணம் இன்று கண்முன் தெரிந்துவிட்டது. கை நடுங்க எழுதுகிறேன்.

காலையில் இரண்டு தட்டுகளையும் நுண்ணோக்கியின்கீழ் வைத்தோம். செம்பாயின் தட்டில், வயலில் நடவு செய்த நாற்றுப்போல், சிறு சிறு செல்குழுக்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் பரவியிருந்தன. ஒவ்வொன்றின் ஓரமும் ஒளிக்கோடு இழுத்ததுபோல் தெளிவாக இருந்தது. என் தட்டில் ஓரமெல்லாம் வெறுமை, நடுவில் நெரிசல். ஊரில் எட்டு மாதமாக நான் பார்த்து வரும் அதே காட்சி. ஒரே செல், ஒரே கரைசல் என்பதால் குற்றம் சரக்கில் இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

செம்பாய் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் தட்டில் நீரை ஊற்றி என் கையில் கொடுத்து, "செல்லை இட்டபின் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள்" என்றார். நான் வழக்கம்போல் தட்டை மேசையில் வைத்து வட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றி, எடுத்துக்கொண்டு இன்குபேட்டரை நோக்கி நடந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து தேயிலைத் தூளை எடுத்து வந்து இரண்டு சிட்டிகை அந்த நீரில் தூவி, நான் சுற்றியதைப் போலவே சுற்றினார். தேநீர்க் கோப்பையைக் கலக்கியதும் தூள் நடுவில் வந்து குவியுமே, அதுபோலவே குவிந்தது. பிறகு இன்னொரு தட்டை எடுத்து, வடக்கு தெற்காக மூன்று முறை, ஒரு கணம் நிறுத்தம், கிழக்கு மேற்காக மூன்று முறை, மீண்டும் நிறுத்தம் என்று, மேசையைவிட்டுத் தூக்காமலே தேய்த்தாற்போல் நகர்த்தினார். தூள் தட்டெங்கும் பரவி நின்றது. அதோடு முடியவில்லை. தட்டைச் சமதளத்தில் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் விட்டு, செல்கள் அடியில் இறங்கிப் படிந்த பிறகே இன்குபேட்டருக்கு எடுத்துப் போகிறார். நானோ இட்டவுடன் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன்; நடக்கும்போதே நீர் சுழன்று எல்லாவற்றையும் நடுவில் சேர்த்துவிடும்.

நாங்கள் பின்பற்றிய கட்டுரையில் இந்த இடத்தில் இருப்பது ஒரே ஒரு வரி: செல்களைச் சீராகப் பரப்பவும். எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்குச் சீராகப் பரப்புவது என்றால் இந்தக் கையசைவுதான். அதைத் தனியாக எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது, நம் வீட்டில் தோசை வார்ப்பதை எழுதச் சொன்னால் கரண்டியை எப்படிச் சுழற்றுவது என்று யாரும் எழுதாததைப் போல. எத்தனை முறை மின்னஞ்சல் எழுதியிருந்தாலும் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கமாட்டேன். நான் தவறாகச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாதபோது எதைக் கேட்பது? கூட்டாய்வு என்றால் நிதியும் ஒப்பந்தமும் கூட்டுக் கட்டுரையும் என்று எண்ணுகிறவர்கள், பயணச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டக்கூடாதது அது ஒன்றுதான் என்று எனக்கு இன்று உறுதியாகத் தோன்றுகிறது.

நாள் 7, சனி

இந்த ஊடகத்தின் நன்மை, சனி ஞாயிறுகளில் மாற்றாமல் விடலாம் என்பது. எனவே ரயிலேறிக் கோபே போனேன். சன்னோமியாவிலிருந்து ஓட்டுநர் இல்லாமல் ஓடும் போர்ட் லைனர் கடலுக்குள் எழுப்பிய தீவுக்கு அழைத்துச் செல்கிறது. 1995 ஜனவரி 17 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் இந்தப் பகுதியில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரை மீட்டெடுக்க வகுத்த திட்டங்களுள் ஒன்றாக, இந்தத் தீவில் மருத்துவமனைகளையும் ஆய்வு நிறுவனங்களையும் ஒரே இடத்தில் குடியேற்றினார்கள்.

ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த திசு முதன்முதலில் மனித உடலுக்குள் வைக்கப்பட்டது இங்கேதான். 2014 செப்டம்பர் 12 அன்று, விழித்திரை நடுப்பகுதி சிதைந்து பார்வை குறைந்துவந்த எழுபது வயது கடந்த பெண்மணி ஒருவருக்கு, அவருடைய தோலிலிருந்தே உருவாக்கிய விழித்திரை நிறமிச் செல்படலத்தை வைத்தார்கள். ரிக்கெனைச் சேர்ந்த மசாயோ தகாஹாஷியின் பல ஆண்டு உழைப்பு அது. இரண்டாவது நோயாளிக்கு ஆயத்தம் செய்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டபோது, அவற்றை உடலில் வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். செய்ததற்கு நிகராக, செய்யாமல் நிறுத்தியதையும் நான் மதிக்கிறேன். சொந்தச் செல்லிலிருந்து ஒருவருக்கு மட்டும் தயாரிக்க ஏறத்தாழ ஓராண்டும் சுமார் 10 கோடி யென்னும் ஆனதால், பலருக்கும் பொருந்தும் செல்களை முன்கூட்டியே சேமித்து வைக்கும் வழிக்கு மாறி, 2017-இல் அத்தகைய செல்களைக் கொண்டு அறுவை செய்தார்கள்.

அதே தீவு பெருந்துயரையும் கண்டது. 2014 ஜனவரியில், முதிர்ந்த செல்லை அமிலத்தில் நனைத்தாலே ஸ்டெம் செல் ஆகிவிடும் என்று ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. பல நாடுகளைச் சேர்ந்த ஏழு ஆய்வகங்கள் 133 முறை முயன்றும் அது நிகழவில்லை என்று மறுஆண்டு எழுதினார்கள். வழி தவறியதும் நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வில்தான்; அதை நேர்ப்படுத்தியதும் நாடுகள் சேர்ந்துதான். 2014-ஆம் ஆண்டிலேயே சசாயையும் உலகம் இழந்தது. செவ்வாய்க்கிழமை நான் தட்டில் விட்ட சில துளி மருந்தை நினைத்துக்கொண்டு கடலைப் பார்த்துச் சிறிது நேரம் நின்றேன்.

நாள் 9, திங்கள்

இரண்டாம் பாசேஜ். செம்பாய் இம்முறை தட்டைத் தொடவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வடக்கு தெற்கு, நிறுத்தம், கிழக்கு மேற்கு, நிறுத்தம். பத்து நிமிடம் மூச்சடக்கி உட்கார்ந்தோம். வியாழன் காலையில் பார்க்கலாம்.

நாள் 10, செவ்வாய்

வாரக் கூட்டத்தில் எங்கள் ஆய்வகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். கடுமையான ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எட்டாம் காரணி மரபணுவின் ஒரு பெருந்துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும். 2015-இல் கொரிய ஆய்வாளர்கள் நோயாளியின் ஐபிஎஸ் செல்லில் அந்தத் துண்டைத் திருப்பி நேராக்கி, அதிலிருந்து வளர்த்த செல்களை ஹீமோபிலியா எலிகளுக்குச் செலுத்திப் பயன் கண்டார்கள். அதையொட்டி நாங்கள் போகும் வழியைச் சொன்னேன்.

பிறகு கேள்வி வந்தது: சேமிப்பிலுள்ள ஜப்பானியச் செல்களையே நீங்கள் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமே? இதற்கு நான் விரிவாகவே பதில் சொன்னேன். பிறர் செல்லை உடல் ஏற்பதும் தள்ளுவதும் எச்.எல்.ஏ. எனும் அடையாளப் புரதங்களைப் பொறுத்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே வகையைப் பெற்றவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களின் செல்லிலிருந்து சைராவில் சேமிப்பை உருவாக்கினார்கள். நான்கு வகையினரின் செல்களே ஜப்பானியரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் பொருந்துகின்றன. ஜப்பானுக்கு இது பெரும் வரம். ஆனால் அந்த நான்கு வகை நம் ஊரில் எத்தனை பேருக்குப் பொருந்தும்? தமக்குள்ளேயே மணம் முடிக்கும் எண்ணற்ற சமூகங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நாட்டில் இந்த வகைகள் மிகப் பல. நமக்கு வேண்டியது குப்பிகளின் இறக்குமதி அன்று. நம் மக்களிடமிருந்து, அவர்கள் சம்மதத்தோடு, நாமே செல்வரிசை உருவாக்கும் திறன். கற்றுத் தாருங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அறையில் சிறிது நேரம் அமைதி. பேராசிரியர் தலையசைத்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

வேலூரையும் எடுத்துக்காட்டினேன். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை 1986-இலேயே தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. அங்குள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையம் அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐவருக்கு அளித்த சிகிச்சையின் முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டது. நோயாளியின் சொந்த இரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, எட்டாம் காரணி மரபணுவை வெளியிலேயே அதனுள் சேர்த்து, அவருக்கே திரும்பச் செலுத்தினார்கள். மரபணுவைச் சுமந்து செல்லும் ஊர்தி அட்லாண்டாவில் வடிவமைக்கப்பட்டது. நோயாளிகளைப் பல்லாண்டுகளாகக் கவனித்துவந்த அனுபவமும், செல்லை எடுத்துத் திரும்பச் செலுத்தும் தேர்ச்சியும் வேலூருடையவை. கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை. அவை ஐபிஎஸ் செல்கள் அல்ல, வழி வேறு. ஆயினும் இரு தரப்பும் தம்மிடம் உள்ளதைக் கொண்டுவந்து வைத்த கூட்டுறவு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று அதுதான்.

இரவு தம்பி அழைத்தான். "அக்கா, அந்த ஐந்து பேரைப் பற்றிச் சொன்னாயா?" என்று கேட்டான். சொன்னேன் என்றேன். அவன் முழங்கால் இந்த வாரம் வீங்கவில்லையாம்.

நாள் 12, வியாழன்

விமானம் இரவில்தான் என்பதால் காலையில் ஆய்வகத்திற்குப் போனேன். செம்பாய் எனக்கு முன்பே வந்து, தட்டை எடுக்காமல் காத்திருந்தார். நான் இன்குபேட்டரைத் திறந்து, தட்டை நுண்ணோக்கியில் வைத்து, ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன். ஓரத்தில் செல்குழுக்கள் இருந்தன. அங்கிருந்து நடுப்பகுதிவரை நகர்த்திக்கொண்டே போனேன். இடைவெளி ஓரளவு சீராகவே இருந்தது. ஒரு மூலையில் மட்டும் சற்று நெருக்கம்; செம்பாய் அதைக் கண்டுபிடித்து, தட்டை வைத்த இடத்தில் மேசை சமமாக இல்லை என்று விரலால் தட்டிக் காட்டினார். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக எங்கள் மேசையின் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் செல் எதுவும் இல்லை. ஆறு குப்பிகள், படிவங்கள் எல்லாம் சரியான பிறகு, ஜனவரியில் தனியே புறப்படும். என்னிடம் இருப்பது ஒரு குறிப்பேடு. அதில் பாசேஜ் செய்யும் முறையைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மிளகளவு பனி, மூன்று முறை வடக்கு தெற்கு, பத்து நிமிட அமைதி எல்லாம் அதில் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு மாணவிகளுக்கு முதலில் தேயிலைத் தூளைக் கொடுத்துப் பழக்கப் போகிறேன். என் தட்டை அடுத்த திங்கட்கிழமை செம்பாய் பாசேஜ் செய்வார். படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.